வாத்து முட்டையைப் போச் செய்யும்போது வெள்ளைக் கரு சிதறுவது ஏன்? மஞ்சள் கரு எந்தப் பதம் வரை வேக வேண்டும்?

அடுக்களைப்புதியவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முட்டையை உடைத்து, எண்ணெய் எதுவும் சேர்க்காமல், நேரடியாக வெந்நீரில் ஊற்றி வேகவைத்து எடுக்கும் முறையை இரண்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இதைப் போச் செய்வது என்றே பெரும்பாலோர் சொல்வதால் நானும் அச்சொல்லையே பயன்படுத்துகிறேன். கோழி முட்டையில் இது எனக்குக் கைவந்துவிட்டது. வெள்ளைக் கரு மஞ்சள் கருவைச் சுற்றிப் போர்த்தியதுபோல் நின்று, கரண்டியிலிருந்து தட்டுக்கு மாற்றும்போதும் உடையாமல் வந்துவிடுகிறது.

சென்ற மாதத்திலிருந்து வாத்து முட்டை தொடர்ந்து கிடைக்கிறது. அதன் மஞ்சள் கருவின் கொழுமையும் நிறமும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டன. அதே பாத்திரத்தில், அதே அளவு தண்ணீரில், கோழி முட்டைக்குச் செய்ததையே அப்படியே செய்தேன். ஆனால் இதுவரை முயன்ற ஒன்பது முட்டைகளில் ஒன்றுகூட நான் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஊற்றிய உடனேயே வெள்ளைக் கருவில் ஒரு பகுதி நூல் நூலாகப் பிரிந்து தண்ணீர் முழுவதும் பரவுகிறது; மேலே நுரை கட்டுகிறது; மஞ்சள் கரு ஒரு பக்கம் போர்வையின்றி நிற்கிறது. சிதறாமல் சீக்கிரம் இறுகட்டும் என்று தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஊற்றினால், வெளிப்புறம் ரப்பரைப்போல் கடிபடுகிறது. உள்ளேயோ மஞ்சள் கரு ஏறக்குறைய பச்சையாகவே இருக்கிறது. இவை போதாதென்று, ஓட்டை உடைக்கும்போதே இரண்டு முட்டைகளின் மஞ்சள் கரு கிழிந்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உண்மையில் அதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. எழுபது வயதைக் கடந்த என் தாயார் எங்களோடு உண்பவர். வாத்து முட்டையை முழுதாக வேகவைக்காமல் உண்ணக் கூடாது என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அப்படியானால் மஞ்சள் கரு வழியும் பதத்தில் வாத்து முட்டையைப் போச் செய்வதே தவறா? முழுதாக வேகவைத்தும் வெள்ளைக் கரு மென்மையாக இருக்கும்படி செய்ய வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன்.


மென்கொதி எழுதியது:

வணக்கம். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோழி முட்டையின் நேரமும் சூடும் வாத்து முட்டைக்குப் பொருந்தாததற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவை புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

அளவிலிருந்து தொடங்குவோம். கோழி முட்டை பொதுவாக 50 முதல் 60 கிராம் இருக்கும். வாத்து முட்டை 70 கிராம் அளவில் தொடங்கி 80, சில வேளைகளில் 90 கிராம் வரைகூடப் போகும். அதற்குள் மஞ்சள் கருவின் பங்கும் கோழி முட்டையில் இருப்பதைவிட அதிகம். ஆகவே சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டிய தொலைவு கூடுகிறது. வெளியே எவ்வளவு கொதித்தாலும் உள்ளே சூடு தன் வேகத்தில்தான் நகரும் என்பதால், கொதியைக் கூட்டுவது வெளிப்புறத்தைக் கெடுக்குமே தவிர உட்புறத்தைக் காப்பாற்றாது. நீங்கள் சொன்ன ரப்பர் பதமும் பச்சை மஞ்சள் கருவும் ஒரே முட்டையில் சேர்ந்து வந்தது இதனால்தான்.

அடுத்தது, நீங்கள் கேட்ட சிதறல். வெள்ளைக் கரு ஒரே பொருள் அல்ல. வெவ்வேறு சூட்டில் இறுகும் பல புரதங்களின் கரைசல் அது. கோழி முட்டையில் 60 டிகிரியைத் தாண்டியதுமே முதலில் இறுகத் தொடங்குவது ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம். வெள்ளைக் கருவின் புரதத்தில் அது ஏறத்தாழ 12 விழுக்காடு இருக்கிறது. எல்லாவற்றையும்விட மிகுதியாக உள்ள ஓவால்புமின் 80 டிகிரியை ஒட்டித்தான் இறுகும். வாத்து முட்டையில் அந்த முதல் புரதம் 2 விழுக்காட்டளவே இருக்கிறது. ஆகவே தண்ணீரில் விழுந்ததும் மெல்லிய தோல்போல் சட்டென்று பிடித்துக்கொள்ள வேண்டிய பொருள் வாத்து முட்டையில் குறைவு. வெள்ளைக் கரு இறுகுவதற்குச் சற்றுக் கூடுதலான சூடும் நேரமும் தேவைப்படுகின்றன. அந்த இடைவெளியில் அது நீரோட்டத்தோடு மிதந்து போய்விடுகிறது.

இதற்கு நான் பின்பற்றுவது இரண்டு கட்டச் சூடு. அகலமான பாத்திரத்தில் நான்கு விரற்கடை ஆழத்துக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றி, முதலில் நன்றாகக் கொதிக்கவிடுகிறேன். பிறகு அடுப்பைத் தணித்து, குமிழிகள் அடங்கும்வரை காத்திருக்கிறேன். மேற்பரப்பு அசையாமல், ஆவி மட்டும் எழுந்துகொண்டிருக்கும் அந்த நிலையில் தண்ணீர் 90 டிகிரிக்கு மேலேயே இருக்கும். ஆனால் நீரோட்டம் இராது. முட்டையை இறக்க வேண்டிய கணம் அதுதான். முட்டை இறங்கியதும் சூடு தானாகவே சற்றுக் குறையும். அதன்பின் 80 முதல் 85 டிகிரிக்குள் நிற்கும்படி அடுப்பை வைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். அடியில் ஊசிமுனை அளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டு, அவற்றுள் ஒன்றிரண்டு மட்டும் எப்போதாவது மேலெழுந்து வந்தால் சூடு சரி. தொடர்ந்து மேலெழுந்தால் சூடு மிகுதி.

இந்தச் சூட்டில் வெள்ளைக் கருவின் பெரும்பகுதிப் புரதம் இறுகும் எல்லையில்தான் நிற்கிறது. அதனால் நேரம் கூடினாலும் கடினமாகாமல், மென்மையாகவே திரண்டு வரும். கொதிநீரில் மூன்று நிமிடத்தில் கெட்டுப்போகும் வெள்ளைக் கரு, 82 டிகிரியில் எட்டு நிமிடம் இருந்தும் கெடாது. அடுப்பின் வேகத்தை நம்பிப் பழகியவர்களுக்கு இது முதலில் ஏற்கக் கடினமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எவ்வளவு புதிய முட்டை என்பதும் முக்கியம். இட்ட புதிதில் வெள்ளைக் கருவில் கெட்டியான பகுதி மிகுதி; நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடி, கெட்டிப் பகுதி நீர்த்துப் போகிறது. நூலாகப் பிரிந்து பரவுவது இந்த நீர்த்த பகுதிதான். அதை முன்கூட்டியே நீக்கிவிடலாம். முட்டையை உடைத்து, நுண்துளை உள்ள வடிகட்டியில் மெதுவாக ஊற்றி, வடிகட்டியை ஓரிரு முறை சுழற்றினால், நீர்த்த பகுதி வடிந்து கீழே போய்விடும்; கெட்டி வெள்ளைக் கருவும் மஞ்சள் கருவும் மேலே தங்கும். அதன்பின் வடிகட்டியைத் தண்ணீருக்குள் பாதி இறக்கிச் சாய்த்தால் முட்டை தானாகவே நழுவி இறங்கும். மேலிருந்து ஊற்றாதீர்கள். வாத்து முட்டையின் மஞ்சள் கரு கனமானது. விழும் வேகத்தில் அது முன்னே போக, வெள்ளைக் கரு பின்தங்கி வால்போல் நீளும்.


கருவும்_ஓடும் எழுதியது:

மென்கொதி அவர்கள் சூட்டைப் பற்றிச் சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் வடிகட்டியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மிகப் புதிய வாத்து முட்டையில் வடிய வேண்டியது எதுவுமே இல்லாமல், கெட்டி வெள்ளைக் கரு வடிகட்டியின் துளைகளில் பற்றிக்கொண்டு, நழுவ மறுத்து, மஞ்சள் கருவைக் கிழித்துவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே முதலில் முட்டையை ஒரு கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கரு உயர்ந்து நின்று, வெள்ளைக் கரு அதைச் சுற்றி மேடாகத் திரண்டிருந்தால் வடிகட்டி வேண்டாம். கிண்ணத்தின் விளிம்பைத் தண்ணீருக்குள் தாழ்த்தி நேரே நழுவவிடலாம். விளிம்பில் தண்ணீர்போல் ஒரு வட்டம் படர்ந்திருந்தால் மட்டும் வடிகட்டுங்கள். வடிகட்டும்போது அதைச் சுத்தமான நீரில் ஒருமுறை நனைத்துக்கொண்டால் ஒட்டுவதும் குறையும்.

உடைப்பதைப் பற்றி யாரும் இன்னும் சொல்லாததால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். வாத்து முட்டையின் ஓடு கோழி முட்டையின் ஓட்டைவிடத் தடிமனானது, உட்சவ்வும் வலுவானது. கோழி முட்டையைத் தட்டும் விசையில் தட்டினால் ஓட்டில் கீறல் மட்டும் விழும், சவ்வு பிரியாது. உடனே நாம் என்ன செய்கிறோம் என்றால், கீறல் விழுந்த இடத்திலேயே மீண்டும் பலமாகத் தட்டுகிறோம். அப்போது ஓட்டின் சில்லுகள் உள்நோக்கிக் குத்தி மஞ்சள் கருவைக் கிழிக்கின்றன. உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பாத்திரத்தின் கூர்மையான விளிம்பில் தட்டாமல், சமதளமான மேடையில் முட்டையின் நடுப்பகுதி படும்படி ஒரே முறை உறுதியாகத் தட்டுங்கள். பிறகு ஒரு சிறு கத்தியின் முனையால், முட்டையைக் குறுக்காகப் பிடித்தபடி, விரிசலின் வழியே சவ்வை மட்டும் மேலோட்டமாகக் கீறிவிட்டு, கட்டைவிரல்களால் இரு பக்கமும் பிரித்தால் சுத்தமாகத் திறக்கும். கத்தியை ஆழமாகச் செலுத்தக் கூடாது என்பது மட்டுமே இதில் கவனிக்க வேண்டியது.

சிதறலைத் தடுக்க எனக்கு மிகவும் உதவியது இன்னொரு வழி. முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருக்கும். அங்கே சுத்தமான ஊசியால் ஒரு துளை இட்டு, ஓட்டோடு முழு முட்டையையும் கொதிநீரில் இருபது முதல் முப்பது விநாடிகள் வைத்து எடுத்துவிடுங்கள். கோழி முட்டைக்குப் பத்து விநாடி போதும்; வாத்து முட்டையின் ஓடு தடிமனாக இருப்பதால் கூடுதல் நேரம் தேவை. ஓட்டை ஒட்டியுள்ள வெள்ளைக் கருவில் மிக மெல்லிய படலம் ஒன்று இறுகத் தொடங்கியிருக்கும். அதன்பின் உடைத்து ஊற்றினால் முட்டை தன் வடிவத்தை நினைவில் வைத்திருப்பதுபோல் ஒன்றுகூடி நிற்கும். ஊசித்துளை இடுவது காற்று விரிந்து ஓடு வெடிக்காமல் இருப்பதற்காக. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே கொதிநீரில் இட்டால் துளை இருந்தும் சில ஓடுகள் விரிசல் விடும். ஆகவே சிறிது நேரம் வெளியில் வைத்துவிட்டு இடுங்கள்.

வினிகரைப் பற்றி ஒரு சொல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்தால் புரதம் விரைவாகத் திரளும் என்பது உண்மை. மெதுவாக இறுகும் வாத்து முட்டைக்கு அது கோழி முட்டையைவிடக் கூடுதலாகவே பயன்படுகிறது. ஆனால் அளவு மிஞ்சினால் வெள்ளைக் கருவின் மேற்பரப்பு சொரசொரப்பாகிப் பளபளப்பை இழக்கும். புளிப்பு வாடையும் ஏறும். வெந்தபின் முட்டையை ஜல்லிக்கரண்டியில் எடுத்து, சூடான வெறும் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்தால் அந்த வாடை போய்விடும். தண்ணீரைச் சுழலவிட்டு அதன் நடுவில் ஊற்றும் முறையை வாத்து முட்டைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதன் எடைக்கு அந்தச் சுழல் போதாது. சுழலின் வேகத்தைக் கூட்டினாலோ வெள்ளைக் கரு பிய்ந்துவிடும்.


சுத்தமே_முதல் எழுதியது:

முந்தைய இரு பதிவுகளும் செய்முறையை நன்றாக விளக்கிவிட்டன. உணவுப் பாதுகாப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது என் கடமை என்று கருதுகிறேன். உங்கள் உறவினர் சொன்னது சரி. உங்கள் தாயாருக்குப் பரிமாறும் வாத்து முட்டையில் மஞ்சள் கரு வழியக் கூடாது.

காரணம், உணவு வழியே நோய் உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற கிருமி. வாத்துகள் பெரும்பாலும் தரையில், ஈரமான படுக்கையில் முட்டையிடுகின்றன. நீரும் சேறும் எச்சமும் முட்டையின் மேல் படுவதற்கான வாய்ப்பு அதிகம். ஈரம் இருக்கும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமிகள் உள்ளே நுழையலாம். அது மட்டுமன்று, பறவையின் உடலிலேயே தொற்று இருந்தால், ஓடு உருவாவதற்கு முன்பே கருவுக்குள் கிருமி சேர்ந்துவிடவும் கூடும். அப்போது வெளிப்புறம் எவ்வளவு தூய்மையாகத் தெரிந்தாலும் பயனில்லை. 2010-இல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் சால்மொனெல்லா டைஃபிமூரியம் கிருமியின் டிடி8 என்ற வகை பரவியபோது, நோயுற்றவர்கள் வாத்து முட்டை உண்டிருந்ததே ஆய்வில் மூலமாகத் தெரியவந்தது. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2017-இல் தன் அறிவுரையைத் திருத்தி, தரமுத்திரை பெற்ற பண்ணைகளின் கோழி முட்டைகளை முதியோரும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அரைவேக்காட்டில் உண்ணலாம் என்று சொன்னது. அந்தத் தளர்வு வாத்து முட்டைக்கு வழங்கப்படவில்லை. கோழிப் பண்ணைகளில் தடுப்பூசியும் தொடர்ந்த சோதனையும் ஏற்படுத்திய மாற்றத்தை, வாத்து முட்டைக்கும் பொருத்திப் பேசுவது தவறு என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

எந்தச் சூடு போதும் என்று கேட்பீர்கள். மஞ்சள் கருவின் நடுப்பகுதி 70 டிகிரியை எட்டி, இரண்டு நிமிடம் அந்தச் சூட்டிலேயே நிற்க வேண்டும். மஞ்சள் கரு 65 டிகிரியை ஒட்டிக் கெட்டிப்படத் தொடங்கி, 70 டிகிரியில் இறுகி நிற்கும். அதாவது, பாதுகாப்பான நிலையும் மஞ்சள் கரு இறுகும் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன. நல்வாய்ப்பாக, கண்ணால் பார்த்தே இதை அறியலாம். கரு எங்கேயாவது வழிந்தால் போதிய சூடு எட்டவில்லை என்று கொள்ளுங்கள். இறுகிய மஞ்சள் கரு என்றதும் பொடிப்பொடியாக உதிரும் பதத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். 70 டிகிரியை எட்டி அதற்கு மேல் அதிகம் போகாத வாத்து முட்டையின் மஞ்சள் கரு, அதன் கொழுப்பின் காரணமாக, வெண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாகவே இருக்கும். மென்கொதி அவர்கள் சொன்ன தாழ்ந்த சூடு இங்கேதான் பெரிய உதவி. கொதிநீரில் இந்தப் பதத்தைக் கடந்து போகச் சில விநாடிகளே ஆகும். 82 டிகிரியில் உங்களுக்கு அவகாசம் கிடைக்கிறது.

மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் அதைப் பாதுகாப்புச் சோதனையாக எண்ணுகிறார்கள். தண்ணீரில் இட்ட முட்டை படுத்துக்கிடந்தால் புதியது, நிமிர்ந்து நின்றால் சற்று நாளானது, மிதந்தால் மிகப் பழையது. நாளாக ஆக ஈரம் ஆவியாகிக் காற்றறை பெரிதாவதால் இப்படி நிகழ்கிறது. அது முட்டையின் வயதைச் சொல்லுமே தவிர, உள்ளே கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. நேற்று இட்ட முட்டையிலும் சால்மொனெல்லா இருக்கக்கூடும். சோதித்த முட்டையை உடனே சமைத்துவிட வேண்டும். நனைந்த முட்டையை மீண்டும் எடுத்து வைக்கக் கூடாது.

அழுக்குள்ள முட்டைகளைக் குளிர்ந்த நீரில் ஊறப்போடுவதும் தவறு. முட்டை குளிரும்போது உள்ளிருக்கும் பொருள் சுருங்கி, வெளியில் உள்ள நீரையும் அதிலுள்ள கிருமியையும் துளைகள் வழியே உள்ளே இழுக்கும். கழுவத்தான் வேண்டுமென்றால், சமைப்பதற்குச் சற்று முன்பு, முட்டையைவிட வெதுவெதுப்பான ஓடும் நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். பச்சை முட்டை பட்ட கிண்ணம், வடிகட்டி, மேடை, கை ஆகியவற்றை உடனே சோப்பால் கழுவுங்கள். குறிப்பாக, பச்சை முட்டையை இறக்கிய வடிகட்டியாலேயே வெந்த முட்டையை எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இந்த ஓர் இடத்தில் தவறுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டோடு 57 டிகிரி நீரில் 75 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கும் முறையைச் சிலர் இங்கே குறிப்பிடக்கூடும். அந்தக் கணக்கு கோழி முட்டையின் அளவுக்குச் செய்யப்பட்டது. அதை அப்படியே அதைவிட எடை கூடிய வாத்து முட்டைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கோழி முட்டைக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் வாத்து முட்டையை மாற்றாக முயல்வதும் உண்டு. இரண்டின் புரதங்களும் ஒன்றையொன்று மிகவும் ஒத்தவை. மருத்துவரைக் கேட்காமல் அப்படிச் செய்வது ஆபத்து.


அடுக்களைப்புதியவர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை. நேற்றும் இன்றும் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு முட்டையைக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்தேன். சமதளத்தில் தட்டி, சவ்வைக் கத்தியால் கீறியபோது, ஒரு சில்லுகூட விழாமல் திறந்தது. விளிம்பில் தண்ணீர் வட்டம் பெரிதாகப் படர்ந்ததைப் பார்த்ததும் முட்டைகள் நான் நினைத்த அளவுக்குப் புதியவை அல்ல என்று தெரிந்தது. வடிகட்டியில் ஊற்றியபோது இரண்டு மேசைக்கரண்டிக்கும் மேல் வடிந்தது! நான் இத்தனை நாளும் தண்ணீரில் நூலாகப் பார்த்தது இதுதான் என்று புரிந்தபோது ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது.

தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தணித்து, குமிழி அடங்கியபின் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, வடிகட்டியை உள்ளே இறக்கிச் சாய்த்தேன். முட்டை அடியில் சென்று அமர்ந்தது. ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு எதுவுமே நடக்காததுபோல் கண்ணாடியாகவே கிடந்தது. பழைய நானாக இருந்தால் அந்த இடத்தில் அடுப்பைக் கூட்டியிருப்பேன். பொறுத்திருந்தபோது ஓரத்திலிருந்து மெதுவாக வெண்மை ஏறியது. ஆறு நிமிடத்தில் எடுத்து வெட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கரு மிகவும் மென்மை, ஆனால் மஞ்சள் கருவின் நடு இன்னும் தேன்போல் வழிந்தது. இரண்டாவது முட்டையை ஒன்பது நிமிடம் வைத்தேன். மஞ்சள் கரு முழுதும் இறுகி, வழவழப்பாக இருந்தது. வெள்ளைக் கருவில் கடினம் இல்லை. அம்மா அதைத்தான் உண்டார்கள்; நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் கேட்டார்கள்.

இப்போது எனக்கு இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. ஆறு பேருக்குப் பரிமாற வேண்டுமானால் ஒரே பாத்திரத்தில் எத்தனை முட்டைகளை இறக்கலாம்? முன்கூட்டியே செய்து வைத்து, பரிமாறும் நேரத்தில் சூடாக்கலாமா?


மென்கொதி எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி. கண்ணாடியாகக் கிடக்கும் அந்த முதல் நிமிடத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்தச் சமையலில் உண்மையிலேயே கடினமான பகுதி. அதை நீங்கள் முதல் முயற்சியிலேயே கடந்துவிட்டீர்கள்.

எண்ணிக்கையைத் தண்ணீரின் அளவுதான் முடிவு செய்கிறது. இரண்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு முட்டை என்றால் சூடு அதிகம் இறங்காது. நான்கைந்தைச் சேர்த்து இறக்கினால், குறிப்பாக அவை குளிர்ந்திருந்தால், தண்ணீர் பல டிகிரி இறங்கிவிடும். வாத்து முட்டையின் வெள்ளைக் கரு இறுகத் தாமதமாகும் என்பதால் மீண்டும் சிதறல் தொடங்கும். ஆகவே ஆறு பேருக்கு இரண்டிரண்டாக மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் இடையில் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய், மேலே மிதக்கும் நுரையை எடுத்துவிட்டு, மறுபடி அடங்கவிடுங்கள்.

முன்கூட்டியே செய்து வைக்கலாம். ஒன்பது நிமிடம் வெந்த முட்டையை உடனே ஐஸ் போட்ட தண்ணீரில் இறக்கினால் வேகுவது அங்கேயே நிற்கும். முழுதும் குளிர்ந்ததும், மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரோடு வைத்து, குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்திருக்கலாம். மறுநாள், அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் நான்கைந்து நிமிடம் வைத்தால் நடுப்பகுதி வரை சூடேறிவிடும். ஓரத்தில் தொங்கும் நூல்களை, குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே கத்தரித்துவிட்டால் வடிவம் அழகாக அமையும்.

மலைப்பகுதியில் வசிக்கும் ஒருவர் என்னிடம் தனியே கேட்டதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். உயரம் கூடக்கூடத் தண்ணீரின் கொதிநிலை குறையும். 2000 மீட்டரில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் நாம் வேகவைப்பது 82 டிகிரியில் என்பதால் அங்கும் இதே நேரம்தான். கண்ணால் குமிழியைப் பார்த்து மதிப்பிடுபவர்கள் மட்டும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். அங்கே குமிழி முன்னதாகவே தோன்றிவிடும்.


சுத்தமே_முதல் எழுதியது:

மீண்டும் சூடாக்குவதில் ஒரு திருத்தம். முதல் முறையிலேயே மஞ்சள் கரு முழுதும் இறுகிய முட்டைகளை மட்டுமே இப்படி எடுத்து வையுங்கள். அரைவேக்காட்டில் எடுத்து வைத்து, மறுநாள் மீதியை வேகவைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். எடுத்து வைக்கும் பெட்டி 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்; கதவுப் பக்கத்து அடுக்கில் வைக்காமல் உட்புற அடுக்கில் வையுங்கள்.

தாயார் இரண்டாவது முட்டையும் கேட்டார்கள் என்று படித்ததில் மகிழ்ச்சி. 70 கிராம் வாத்து முட்டை ஒன்றில் ஏறத்தாழ 130 கலோரியும் 9 கிராம் புரதமும் இருக்கின்றன. கொலஸ்ட்ரால் 600 மில்லிகிராமுக்கும் மேல், அதாவது ஒரு கோழி முட்டையில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு. அவர்களுக்கு இதய நோயோ கொழுப்புக்கான மருந்தோ இருந்தால், வாரத்துக்கு எத்தனை முட்டை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.


அடுக்களைப்புதியவர் எழுதியது:

கேட்டுக்கொள்கிறேன் ஐயா. பெட்டியின் உள் அடுக்கில் தெர்மாமீட்டரை இப்போதே வைத்துவிட்டேன். முட்டைகளை எப்போது இட்டவை என்று விற்பவரிடம் கேட்டு வாங்கி, ஓட்டின் மேல் பென்சிலால் நாளைக் குறித்து வைக்கவும் தொடங்கியிருக்கிறேன். ஓட்டோடு முப்பது விநாடி கொதிநீரில் வைக்கும் முறையை அடுத்த முறை வடிகட்டாமல் தனியே செய்து பார்த்து, இரண்டில் எது என் கைக்கு ஒத்துவருகிறது என்று இதே இடத்தில் எழுதுகிறேன்.